உஷார்! அந்த ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

வீட்டில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், முதல் வேலையாக அது வைத்திருக்கும் மெட்டீரியலைக் கையில் எடுங்கள். அட்டையில் 'புதிய பாடத்திட்டப்படி' என்று பளபளப்பாக ஒரு ஸ்டிக்கர் இருக்கிறதா? மூலையில் நகத்தை வைத்து மெல்லக் கிளப்புங்கள். அடியில் வேறொரு வருஷம் அச்சாகியிருந்தால் உஷார்! உங்கள் பிள்ளை விடிகாலை எழுந்து மனப்பாடம் செய்துகொண்டிருப்பது பழைய சரக்கு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. என் அக்கா வீட்டில் என் கண்ணெதிரே நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அக்காவுக்குச் சங்கரன்கோவில். தறி ஓட்டுகிற குடும்பம். மகள் டிகிரி முடித்துவிட்டு இரண்டு வருஷமாகத் தேர்வுக்குப் படிக்கிறாள். பயிற்சி மையத்துக்குப் போய்வர வசதியில்லை. மெட்டீரியல் மட்டும் வாங்கிப் படிக்கிறேன் என்றாள். அக்கா கம்மலை அடகு வைத்து 4,800 ரூபாய் அனுப்பினாள். ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஏழு புத்தகங்கள் கூரியரில் வந்து இறங்கின. ஆடித் தபசுக்கு நான் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அகநானூறு. களிற்றியானை நிரை 180, மணிமிடை பவளம் 120, நித்திலக்கோவை 100."

தமிழாசிரியராக 30 வருஷம் வகுப்பில் நின்ற காது எனக்கு. "என்னம்மா சொன்ன? இன்னொரு தடவை சொல்லு" என்றேன். மறுபடியும் அதையே சொன்னாள். "மாத்திச் சொல்லுதியே. களிற்றியானை நிரைதான் 120. மணிமிடை பவளம் 180."

"இல்ல மாமா, புக்குல இப்படித்தான் இருக்கு. கூட்டிப் பாத்தேன், 400 சரியா வருது."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னபடிதான் இருந்தது. கூட்டினால் 400 சரியாகத்தான் வருகிறது. பிள்ளை தன்னால் முடிந்த சரிபார்ப்பைச் செய்துதான் இருக்கிறாள். ஆனால் இரண்டு எண்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்போது கூட்டலுக்கு அது எப்படித் தெரியும்? மூல நூலோ பள்ளிப் பாடநூலோ பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். அது அந்த வீட்டில் இல்லை. மெட்டீரியல்தான் இருக்கிறதே என்று பாடநூல்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தேன். தமிழ்நாடு அறிமுகம் என்ற பகுதியில் மாவட்டங்கள் 38 என்று இருந்தது. சரி. நூறு பக்கம் தள்ளி, உள்ளாட்சி அமைப்புகள் என்ற பகுதியில் மாவட்டங்கள் 32 என்று இருந்தது. 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய ஐந்தும் பிரிந்தன; 2020-ல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆனது. யாரோ ஒருவர் முதல் பகுதியை மட்டும் திருத்திவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டிருக்கிறார். தென்காசி மாவட்டத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு, தென்காசி மாவட்டமே இல்லாத ஒரு கணக்கை விற்றிருக்கிறார்கள். அப்போதுதான் ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் பழைய வருஷம் இருந்தது. அவள் முகம் வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை.

"புதுசுன்னுதான மாமா சொன்னாங்க."

இதை ஒரு கடைக்காரரின் கவனக்குறைவு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு இது. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். 200 கேள்விகளுக்கு மொத்தம் 300. தமிழ்ப் பகுதியில் மட்டும் 100 கேள்விகள், 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஒரே மதிப்பெண்ணில் ஏராளமானோர் வரிசைகட்டி நிற்கும் இடத்தில், தவறாகப் பதிந்த ஐந்தாறு விவரங்கள் போதும், ஒரு வருஷம் கைநழுவிப் போக. தெரியாத கேள்வி என்றால் பிள்ளை யோசித்தாவது பார்க்கும். தவறாகத் தெரிந்த கேள்வியில் யோசனைக்கே இடமில்லை; நொடியில் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். தவறான மெட்டீரியலைப் படிப்பதைவிடப் படிக்காமல் இருப்பதே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தப் புத்தகங்கள் எப்படித் தயாராகின்றன என்று தெரிந்தால் எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். பெரும்பாலானவை பள்ளிப் பாடநூலில் இருந்து சுருக்கி எடுத்தவை. அதில் தப்பில்லை. ஆனால் ஒருவர் சுருக்கியதை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுக்கிறார். அதை மூன்றாமவர் ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றுகிறார். அந்த மாற்றத்தில் கால் எழுத்து 'ர' ஆகிவிடும், 'ர' கால் ஆகிவிடும், ணகரமும் னகரமும் இடம் மாறும். வாக்கியமாக இருந்தால் படிப்பவருக்கு உறுத்தும். ஊர்ப் பெயர், அரசர் பெயர், நூல் பெயர் என்றால் உறுத்தாது. எண்ணாக இருந்தால் அறவே உறுத்தாது. 3 எட்டாகும், 1 ஏழாகும். ஒரு மெட்டீரியலில் எழுத்துப் பிழைகள் அதிகம் கண்ணில் பட்டால், எண்களும் கெட்டிருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தையே படித்துப் பார்க்காதவர் எண்ணைச் சரிபார்த்திருப்பாரா?

இரண்டாவது வகை இன்னும் ஆபத்தானது. ஆங்கிலக் குறிப்புகளை மெஷினில் போட்டுத் தமிழாக்கி விற்கிறார்கள். அக்கா மகளின் அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் 'சக்தியின் அலகு ஜூல்' என்று இருந்தது. நான்கு பக்கம் தள்ளி 'சக்தியின் அலகு வாட்'. இன்னோர் இடத்தில் 'சக்தியின் அலகு நியூட்டன்'. நம் பாடநூலில் ஜூலில் அளப்பது ஆற்றல், வாட்டில் அளப்பது திறன், நியூட்டனில் அளப்பது விசை. மூன்று தனித்தனிக் கருத்துகளையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியிருக்கிறது மெஷின். தேர்வில் வினாத்தாள் பாடநூல் தமிழில்தான் வரும். 'திறன்' என்று கேட்டால் இந்தப் பிள்ளைக்கு எது என்று தெரியாது. அரசியலமைப்புப் பகுதியில் சபாநாயகரைப் 'பேச்சாளர்' என்றும், மசோதாவைப் 'பட்டியல்' என்றும் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த நிமிஷமே புத்தகத்தை மூடிவிடுங்கள். மாநிலப் பட்டியல், மத்தியப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று அரசியலமைப்பில் பட்டியல் என்றாலே வேறு ஒரு பொருள் இருக்கிறது. அங்கே இந்தக் குழப்பம் வந்தால் பாடமே கவிழ்ந்துவிடும்.

இப்போது ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதி வாங்கிய நோட்ஸும் சந்தையில் புழங்குகிறது. படிக்க வழவழவென்று இருக்கும், எழுத்துப் பிழை இருக்காது, தலைப்பும் உட்தலைப்பும் அழகாக இருக்கும். இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயர் சொல்லும், நடக்காத மாநாட்டுக்கு வருஷம் சொல்லும். எழுத்துப் பிழையை வைத்துத் தரம் பார்ப்பது இங்கே எடுபடாது. விவரத்தைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எந்த விவரத்தைத் தொடுவது? ஒரு மெட்டீரியலின் வயதைக் காட்டிக்கொடுக்கும் சில இடங்கள் உண்டு. மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி. இந்தியாவில் மாநிலங்கள் 28, யூனியன் பிரதேசங்கள் 8. 29 மாநிலம் என்று இருந்தால் அந்தப் பக்கம் ஜம்மு காஷ்மீர் பிரிக்கப்பட்ட 2019 அக்டோபருக்கு முந்தையது. யூனியன் பிரதேசம் 9 என்று இருந்தால், தாத்ரா நாகர் ஹவேலியும் டாமன் டையூவும் 2020 ஜனவரியில் ஒன்றாக்கப்பட்டதை எழுதியவர் கவனிக்கவில்லை. செம்மொழிகள் இப்போது 11. மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமி, வங்காளம் ஆகிய ஐந்தும் 2024 அக்டோபரில் சேர்ந்தன. 6 என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தைய சரக்கு. கொலைக்குத் தண்டனை இந்திய தண்டனைச் சட்டம் 302 என்று நிகழ்காலத்தில் எழுதியிருந்தால், 2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததே அவருக்குத் தெரியாது. இப்போது அது பிரிவு 103. ஏமாற்றுக்கு நாம் பேச்சு வழக்கில் சொல்லும் 420-கூட இப்போது 318. போலீஸ் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். மாவட்டக் கணக்கில் நடந்ததைச் சொன்னேனே, முன்பகுதியைத் திருத்திவிட்டுப் பின்பகுதியை விட்டிருப்பார்கள். வாங்க வருபவர் முதல் பத்துப் பக்கத்தைத்தான் புரட்டுவார் என்று விற்பவருக்குத் தெரியும். நடுவில் திறந்து பாருங்கள், கடைசியில் இருந்து திறந்து பாருங்கள்.

இன்னொரு விஷயம், ரொம்ப முக்கியமானது. ஒரு மெட்டீரியலில் சந்தேகம் வந்தால் நம் பிள்ளைகள் இன்னொரு மெட்டீரியலை எடுத்துச் சரிபார்க்கிறார்கள். அதிலும் அப்படியே இருந்தால் 'சரிதான்' என்று சமாதானம் ஆகிவிடுகிறார்கள். இது சரிபார்ப்பே அல்ல. இருவரும் ஒரே இடத்தில் காப்பி அடித்திருக்கலாம். அக்கா மகள் தோழியிடம் இருந்து வேறொரு மையத்தின் புத்தகத்தை வாங்கிவந்து காட்டினாள். அதிலும் களிற்றியானை நிரை 180! இரண்டு புத்தகத்திலும் ஒரே தவறு ஒரே வரியில் இருந்தால் இரண்டும் ஒரே ஜெராக்ஸின் பிள்ளைகள் என்றுதான் அர்த்தம். பாடநூலுக்குப் போங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. செல்போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதைத் திறந்ததும் முதல் சில பக்கங்களில் 'முதல் பதிப்பு', 'திருத்திய பதிப்பு' என்று வருஷங்கள் வரிசையாக இருக்கும். கடைசியில் பாடவல்லுநர்கள், மேலாய்வாளர்கள் பெயர்கள் பதவியோடு இருக்கும். தவறு இருந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். 4,800 ரூபாய்க்கு வாங்கிய ஏழு புத்தகங்களிலும் எழுதியவர் என்று ஒரு பெயர்கூட இல்லை. 'வல்லுநர் குழு' என்று மட்டும் போட்டிருந்தது.

கணக்குப் பகுதியை நான் சரிபார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த கணக்காசிரியர் நண்பரிடம் கொடுத்தேன். அவர் அரை மணி நேரத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஷார்ட்கட் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்த ஒன்றைக் காட்டினார். சராசரி வேகம் கண்டுபிடிக்க, இரண்டு வேகங்களையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, இரண்டின் கூடுதலால் வகுக்கச் சொல்லியிருந்தது. சரியான சூத்திரம்தான், ஆனால் இரண்டு வேகத்திலும் போன தூரம் சமமாக இருந்தால் மட்டும். அந்த நிபந்தனையை எழுதாமல் விட்டுவிட்டார்கள். கீழே இருந்த பயிற்சிக் கணக்கில் ஒருவர் ஒரு மணி நேரம் 40 கிலோமீட்டர் வேகத்திலும், அடுத்த ஒரு மணி நேரம் 60 கிலோமீட்டர் வேகத்திலும் போகிறார். இரண்டு மணி நேரத்தில் 100 கிலோமீட்டர், சராசரி 50. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஷார்ட்கட்டில் போட்டால் 48 வருகிறது. புத்தகத்தின் விடையும் 48! வினாத்தாளில் 48-ம் 50-ம் இரண்டுமே விடைகளாகக் கொடுக்கப்பட்டிருக்கும் என்றார் நண்பர். கேள்வி அமைப்பவர்களுக்கு எங்கே சறுக்குவார்கள் என்று தெரியும். ஷார்ட்கட் எழுதியிருக்கும் எந்தப் புத்தகத்திலும், 'எப்போது பொருந்தும்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவது நல்லது.

அடுத்தது விளம்பரம். 'போன தேர்வில் இத்தனை கேள்விகள் நம் மெட்டீரியலில் இருந்து!' என்று தேர்வு முடிந்த மறுநாளே போஸ்டர் வந்துவிடும். கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். கேள்விகளில் பெரும்பகுதி பள்ளிப் பாடநூலை ஒட்டித்தான் வருகிறது. பாடநூலைச் சுருக்கி எழுதிய எந்தக் கனமான புத்தகத்திலும் அந்த விவரங்கள் எங்காவது இருக்கத்தான் செய்யும். அது மெட்டீரியலின் பெருமையா, பாடநூலின் பெருமையா? நீங்களே ஒரு சோதனை செய்யலாம். குரூப் 4 தேர்வை நடத்தும் தேர்வாணையத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் விடைகளோடு இருக்கின்றன. போன தேர்வின் தாளில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு 20 கேள்விகளை எடுங்கள். மெட்டீரியலில் ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கிறதா, இருப்பது சரியா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். நாங்கள் செய்தபோது 20-ல் ஐந்து கேள்விகளுக்கு விடையே இல்லை. மூன்றுக்கு விடை தவறாக இருந்தது.

தமிழ்ப் பகுதியின் பாடத்திட்டம் இப்போது மாறியிருப்பதையும் மறக்காதீர்கள். இலக்கணம், சொல்லகராதி, எழுதும் திறன், கலைச்சொற்கள், வாசித்துப் புரிந்துகொள்ளுதல், எளிய மொழிபெயர்ப்பு என்று அலகுகள் வந்துவிட்டன. பழைய மெட்டீரியலில் இலக்கியமும் நூலாசிரியரும்தான் பக்கம் பக்கமாக இருக்கும். தேர்வாணையத்தின் பாடத்திட்டத் தாளை ஒரு கையிலும் புத்தகத்தின் பொருளடக்கத்தை மறு கையிலும் வைத்து அலகு அலகாகக் கோடு போட்டுப் பாருங்கள். கலைச்சொல்லுக்கும் வாசித்தலுக்கும் ஒரு பக்கம்கூட இல்லாமல் 'புதிய பாடத்திட்டம்' என்று ஒட்டியிருந்தால், அந்த வார்த்தை ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கிறது.

'புத்தகத்தில் இப்படித்தான் போட்டிருந்தது, நான் அதைத்தான் எழுதினேன்' என்று தேர்வாணையத்திடம் முறையிடலாமே என்று சிலர் நினைக்கலாம். தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபனைக்கு அவகாசம் கொடுப்பது உண்மை. ஆனால் ஆதாரமாகத் தரமான நூலைக் காட்ட வேண்டும். கைடையும் நோட்ஸையும் காட்டினால் எடுபடாது. ஆக, தேர்வு நடத்துபவர் மதிக்காத புத்தகத்தை நம்பி நம் பிள்ளை வருஷங்களைப் பணயம் வைக்கிறது.

பணம் கட்டும் இடத்தில் இருக்கும் கண்ணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பில் வகுப்பு வாங்கினால், 'மாதம் இவ்வளவுதான்' என்பது பெரும்பாலும் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். பிடிக்கவில்லை என்று வகுப்பை விட்டாலும் தவணை விடாது. வங்கிக் கணக்கில் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் எச்சரித்தது. வெற்றி பெற்றவர் படத்தைப் போட்டு விளம்பரம் செய்பவர், அவர் எந்தப் படிப்பில் எத்தனை நாள் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதலே கொண்டுவந்துவிட்டது. இரண்டு நாள் மாதிரி நேர்காணலுக்கு வந்துபோனவரைத் தங்கள் மாணவர் என்று காட்டுவதைத் தடுக்கத்தான் அது. மூன்று மையத்தின் போஸ்டரில் ஒரே முகம் இருந்தால் மூன்றிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அக்கா வீட்டில் ரசீதே இல்லை. ஜிபேயில் யாரோ ஒரு தனிநபர் பெயருக்குப் பணம் போயிருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் 'அப்போ எதைத்தான் படிக்க?' என்று பிள்ளை கேட்கும். என் அக்கா மகளும் கேட்டாள், கண்ணில் தண்ணீரோடு. 6 முதல் 12 வரை பாடநூல்களைச் செல்போனில் இறக்கிக் கொடுத்தேன். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இருக்கிறது. இலவச வகுப்பு, மாதிரித் தேர்வு எல்லாம் நடத்துகிறார்கள். அதில் பெயர் கொடுத்தோம். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் மாதிரியான இடம் பக்கத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இல்லாதவர்கள் ஊர்க் கிளை நூலகத்திலாவது போய்க் கேளுங்கள். அந்த ஏழு புத்தகங்களையும் தூக்கி எறிய அக்காவுக்கு மனசு வரவில்லை, கம்மலை அடகு வைத்த பணம் அல்லவா! பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிவப்பு மையில் திருத்திக்கொண்டே படிக்கிறாள் பிள்ளை. முதல் புத்தகம் முடிக்க மூன்று வாரம் ஆனது. 140 இடத்துக்கு மேல் சிவப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பையன் ஒருவன், "சார், புது மெட்டீரியல் வாங்கிட்டேன்" என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து காட்டினான். அதே ஸ்பைரல் பைண்டிங், அதே நீல அட்டை, வரப்போகும் தேர்வின் வருஷம் போட்ட புது ஸ்டிக்கர். அகநானூறு இருக்கும் பக்கத்தைத் தேடி எடுத்தேன். 180, 120, 100. அட்டையைத் திருப்பி ஸ்டிக்கரின் மூலையில் நகத்தை வைத்தேன். உரிந்து வந்தது. அடியில் இருந்தது என் அக்கா மகளின் புத்தகத்தில் ஒட்டியிருந்த அதே பழைய ஸ்டிக்கர்.